திருப்பிப் போட்டால் மழை வரும் என்றார்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை நோட்டை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடி வைத்துவிட்டேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது என்பது ஒரு காரணம். இதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். இப்போது கடையை ஒப்படைத்துவிட்டு மில்லர்புரத்து வீட்டில் சும்மா இருக்கிறேன். போன மாதம் நம் ஒலிபெருக்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் வந்து, "அண்ணாச்சி, உங்க அனுபவத்தை நாலு வரி எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். திருச்செந்தூரானை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தம்பிமார்களே, மைக் எப்படிப் பிடிப்பது, ஆம்பிளிபயரில் எந்தக் குமிழைத் திருகுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப் போவதில்லை. சத்தம் கையை மீறிப் போகிற நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கேசட் காலத்தில் நான் ஒரு மைக்செட் முதலாளியிடம் வேலை பார்த்தேன். ஒரு காதுகுத்து வீடு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து கேசட்டுக்குள் நாடா முறுக்கிக்கொண்டு, பாட்டு பின்பக்கமாக ஓட ஆரம்பித்துவிட்டது. திருப்பி ஓடும் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? சொல் எல்லாம் எங்கோ தூரத்திலிருந்து வீங்கி வீங்கி வந்து, வெடுக்கென்று அறுந்து நிற்கும். பாடுகிறவர் வார்த்தையை வெளியே விடாமல் உள்ளே உறிஞ்சுகிற மாதிரி இருக்கும். பந்தல் முழுக்க ஒரே பரபரப்பு. நான் ஓடிப்போய் நிறுத்தப் போனேன். முதலாளி என் கையைத் தட்டிவிட்டார். நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் ஊத ஆரம்பித்து, அந்த மைக்கின் சத்தம் மேலே வந்த பிறகுதான் முதலாளி கேசட்டை மெல்லக் குறைத்தார். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

"நீ பட்டுன்னு நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்? காதுக்குள்ள அந்தப் பேய்ச் சத்தம்தான் மிஞ்சியிருக்கும். நல்ல சத்தம் ஒண்ணு கையில இல்லாம கெட்ட சத்தத்தை நிறுத்தாதல," என்றார்.

அது பல வருடம் கழித்து என்னைக் காப்பாற்றியது. அதற்கு முன்னால் நான் செய்த கோளாறைச் சொல்ல வேண்டும்.

பிற்பாடு நான் சொந்தமாகக் கடை வைத்தேன். ஆட்டோவில் கட்டி ஊர் சுற்றுகிற விளம்பரங்களைப் பதிவு செய்து கொடுப்பதுதான் தொழில். அம்மன் கோயில் கொடை விழா, மாதா கோயில் திருவிழா, ஜவுளிக்கடைத் திறப்பு, காற்று பலமாக அடிக்கும், கடலுக்குப் போகாதீர்கள் என்கிற எச்சரிக்கை, எல்லாம் வரும். சுவர் நிறைய முட்டை அட்டை ஒட்டியிருப்பேன். அப்படியும் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் உள்ளே கேட்டுவிடும், மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு, ஒரு பொத்தானைத் தட்டினால் குரல் திரும்பிவிடும். எனக்கு அது பெரிய விளையாட்டாகப் போயிற்று. யார் பேச வந்தாலும், வேலை முடிந்ததும் அவர் பெயரைச் சொல்லச் சொல்லித் திருப்பிப் போட்டுக் காட்டுவேன். என் கடையின் வழக்கம் என்றே அது ஆகிவிட்டது. வியாபாரிகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். முருகன் என்று ஒருத்தர் வந்தால் "நகுரும்" என்று வெளியே போவார். விகடகவி எப்படி வாசித்தாலும் விகடகவிதானே என்று ஒரு தமிழ் ஐயா பந்தயம் கட்டினார். திருப்பிப் போட்டால் "இவகடகிவ்" என்று வந்தது. எழுத்து வேறு, சத்தம் வேறு. ஐயா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சிரிப்பு மட்டும் எந்தப் பக்கம் ஓட்டினாலும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

சாமி பெயரைத் திருப்புவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். ஒருநாள் கை தவறி 'அம்மன்' என்பது திரும்பிவிட்டது. "நம்ம" என்று கேட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. ஆனால் திருப்பி வந்த உளறலுக்கு நான் அர்த்தம் வேறு சொல்ல ஆரம்பித்தேன். கிளி ஜோசியம் மாதிரி. கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மறுபடி போட்டால், நான் சொன்ன அர்த்தமே அவர்கள் காதிலும் விழும். "ஆமா அண்ணாச்சி, அப்படித்தான் சொல்லுது!" என்பார்கள். அது எனக்குப் பெருமை.

எங்களுக்குப் பெரும்பாலும் குரல் கொடுத்தவர் ஒரு டீச்சர். நாசரேத் பக்கத்துக்காரர், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு ஆலயம் போகிற கிறிஸ்தவர். வெள்ளைச் சேலை, தோளில் பை, வெயிலானாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. அவர் பேசினால் சந்தை இரைச்சலுக்கு நடுவிலும் ஒரு சொல் தப்பாது. துறைமுகத்துப் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடைக்குப் பதினோரு வருடமாக அவர் குரல்தான். தெருவில் குரல் கேட்டாலே, "டீச்சர் சொல்லியாச்சு, முளைப்பாரிக்கு விதை போடணும்" என்று பெண்கள் எழுந்துவிடுவார்கள்.

அந்த வருடமும் வந்து பேசினார். "முளைப்பாரி எடுக்க வாரீர்" என்பது அதில் ஒரு வரி. அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, விளம்பரம் கட்டிக்கொண்டு போகிற ஆட்டோக்காரர் சுடலைமுத்து வந்தார்.

"அண்ணாச்சி, டீச்சரைத் திருப்பிப் போடுங்களேன், கேப்போம்."

போட்டேன். "ரீராவ் அக்குடெ இராப்பியளும்" என்று என்னவோ வந்தது. டீச்சரின் குடை ஞாபகம் வந்தது எனக்கு. "என்ன சொல்லுதாவ தெரியுமா? ராவுல வரும்போது குடை எடுத்துட்டு வாங்கங்காவ," என்றேன்.

சுடலைமுத்து சிரித்த சிரிப்பில் டீ கீழே கொட்டிவிட்டது. மறுபடி போடச் சொல்லித் தன் போனில் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ ஸ்டாண்டு குரூப்பில் போட்டார். "டீச்சர் குடை எடுத்துட்டு வரச் சொல்லுதாங்க" என்று மட்டும் எழுதினார். அதில் ஒரு குற்றமும் இல்லை.

ஸ்டாண்டிலிருந்து அது உப்பளத்துக்காரர்கள் குரூப்புக்குப் போயிற்று. உப்பு வாருகிற பருவத்தில் மழை பெய்தால் அவர்கள் உழைப்பெல்லாம் கரைந்துபோகும். அங்கே ஒருவர் "ராவு மழை பெய்யும்னு சொல்லுது" என்று சேர்த்தார். அடுத்த இடத்தில் "மழை பெஞ்சு பந்தல் சாயும்" என்று ஆயிற்று. நாலாவது நாள் அது என் போனுக்கே வந்தது. "வேற சாமி கும்பிடுத பொம்பள, நம்ம கொடை நடக்கக் கூடாதுன்னு மழையைக் கூப்பிடுதா. திருப்பிப் போட்டுக் கேளுங்க, உண்மை தெரியும்" என்று எழுதியிருந்தது.

இதற்கு விதை போட்டவன் நான்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தானாக அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுதான் என் இரண்டாவது தப்பு. விளக்கேற்றிக் கும்பிடப் போனால் முருகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாளில் கொடைக் கமிட்டித் தலைவர் கூப்பிட்டார். கப்பலுக்குக் கயிறு, சங்கிலி விற்கிற பெரிய கடைக்காரர், பேசினால் கடைவீதிக்கே கேட்கும்.

"இந்த வருசம் வேற குரல் வச்சிக்கிடுவோம்வே. சனங்க ஒரு மாதிரியாப் பேசுதாவ. ஞாயித்துக்கிழமை கூட்டம். அந்தம்மாவையும் வரச் சொல்லும். மூஞ்சிக்கு நேராச் சொல்லிருவோம், அதுதான் மரியாதை."

பதினோரு வருடக் குரல். கோயிலில் வேண்டாம் என்று ஆகிவிட்டால், அப்புறம் எந்தத் தெருவில் அந்தக் குரல் கேட்டாலும் சனங்கள் ஒரு நிமிடம் தயங்குவார்கள். காற்று அடிக்கும், கடலுக்குப் போகாதீர்கள் என்று சொன்னால்கூட. அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பகல், கோயில் மண்டபம். நான் கம்ப்யூட்டரும் பெட்டியும் கொண்டுபோயிருந்தேன். டீச்சர் ஆலயத்திலிருந்து நேராக டவுன் பஸ்ஸில் வந்து, குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். சுடலைமுத்து வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். அந்தச் சத்தத்தைப் பெரிய பெட்டியில் தெளிவாகப் போட்டால், வெறும் உளறல் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் அல்லவா? "எல்லாரும் காது குடுத்துக் கேளுங்க, ஒண்ணுமே இல்லன்னு தெரியும்," என்று போட்டேன்.

முளைப்பாரிப் பெண்களில் மூத்தவர், உப்பளத்தில் வேலை பார்க்கிற அம்மா ஒருவர், முதல் வரிசையில் இருந்தார். "ஏ ஆத்தா! போன்ல கொரகொரன்னு இருந்துச்சு. இதுல என்ன தெளிவாக் கேக்குது! பெய்யும், பெய்யும்னுல்லா சொல்லுதாவ!" என்றார்.

பதறிப்போய் இன்னொரு தடவை போட்டேன். இன்னும் தெளிவாகக் கேட்டதாம். மூன்றாவது தடவை பின்வரிசையில் ஒருவர் "பந்தல்" என்ற வார்த்தையும் கேட்டுவிட்டார்.

தம்பிமார்களே, இதை நன்றாக மனதில் வையுங்கள். அர்த்தம் காதில் ஒட்டிய பிறகு, அதே சத்தத்தைப் போட்டு அதை உரிக்க முடியாது. போடப் போட இறுகும். நிறுத்தப் போன கை அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் காதுகுத்து வீட்டு முதலாளி ஞாபகம் வந்தார். நல்ல சத்தம் ஒன்று கையில் வேண்டும்.

மைக்கைக் கொண்டுபோய்த் தலைவரிடம் நீட்டினேன். "அண்ணாச்சி, அந்த வரியை நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

மைக்கைப் பார்த்தால் அவருக்கு ஒரு மகிழ்ச்சி. "அதுக்கென்னவே!" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "முளைப்பாரி எடுக்க வாரீர்!" என்று முழங்கினார். அதைத் திருப்பிப் போட்டேன்.

"ரீராவ் அக்குடெ இராப்பியளும்."

உப்பளத்து அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அய்யய்யோ, அண்ணாச்சியும்லா மழையைக் கூப்பிடுதாவ!"

"ஏளா, நான் எங்க கூப்பிட்டேன்?" என்று தலைவர் எழுந்தே விட்டார். "நான் முளைப்பாரிக்குத்தானே கூப்பிட்டேன்!"

"பெட்டி சொல்லுதே அண்ணாச்சி!"

"இங்க கொண்டாரும்வே அந்த மைக்கை. இந்தம்மா சொல்லட்டும் இப்ப."

உப்பளத்து அம்மா சொன்னார். திருப்பினேன். அவரும் மழையைக் கூப்பிட்டார். "எங்க உப்பையே நான் கரைப்பனா?" என்று அவர் கன்னத்தில் கைவைத்த பிறகு, கூட்டம் சிரித்த சிரிப்பில் தூணில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. டீச்சர்கூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதோடு முடிந்தது, பிழைத்தோம் என்று வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். தலைவர் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி. டீச்சர் மேல தப்பில்ல. அப்ப இதுக்கு முதல்ல அர்த்தம் சொன்னவன் எவம்லே?"

எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது.

"ஏலே சுடல, உன் போன்ல இருந்துதான கிளம்பியிருக்கு? ஒரு நல்ல மனுசி பேரைக் கெடுத்துட்டு நிக்கிற. இனிமே கோயில் பக்கம் உன் ஆட்டோவைப் பாக்கக் கூடாது."

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார். இந்த அண்ணாச்சிதான் சொன்னார் என்று என்னைக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கருவறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மன் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

"அவரு இல்ல அண்ணாச்சி. நான்தான்," என்றேன்.

"எது நீரு?"

"குடைன்னு அர்த்தம் சொன்னது நான். விளையாட்டாச் சொன்னேன். இப்படி ஆகிப்போச்சுன்னு தெரிஞ்ச பிறகும் பயந்துக்கிட்டு வாயை மூடிட்டு இருந்தேன்."

தலைவர் முகம் சிவந்தது. அவர் பேசுவதற்கு முன்னால் டீச்சர் எழுந்தார். கோபம்தான் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்:

"குடைன்னு ஏன் சொன்னீங்க?"

"உங்க கையில எப்பவும் குடை இருக்குமே டீச்சர். அதான் வாயில வந்துட்டு."

டீச்சர் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வகுப்புல தப்புப் பண்ணின பிள்ளைக்கு நான் என்ன குடுப்பேன் தெரியுமா? இம்போசிஷன். உங்களுக்கும் உண்டு. 'டீச்சர்'னு ஒரு வார்த்தை, 'தப்பு என்னோடது'ன்னு ரெண்டு வார்த்தை. எழுத வேண்டாம். திருப்பிப் பேசணும். மெஷின்ல திருப்பிப் போட்டா நேரா விழணும். கால்நாட்டு அன்னைக்கு எல்லாரும் கேக்கணும்."

"கேட்டீரா?" என்றார் தலைவர். "நல்லா வேணும் உமக்கு!"

கால்நாட்டுக்கு மூன்று நாள் இருந்தது. பந்தல்கால் நடுகிற நாள் அது. "தப்பு என்னோடது டீச்சர்" என்பதைத் திருப்பினால் "ரச்சீட் உதடோன்னெ உப்பத்". கேட்க மூன்று வார்த்தை. சொல்லிப் பாருங்கள், தெரியும். மூச்சு தலைகீழாக வேண்டும். மெதுவாக ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுக்க வேண்டும். குளிக்கும்போதும் சொன்னேன், ஸ்கூட்டரிலும் சொன்னேன். வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "எதுக்கு உப்பு உப்புன்னு கத்துதிய? குழம்புல உப்பு சரியாத்தான இருக்கு?" என்றாள். விஷயம் தெரிந்த பிறகு, "அர்த்தம் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள். ஒரு நொடி என்றேன். "இப்ப மூணு நாள் சொல்லுங்க," என்று போய்விட்டாள்.

கால்நாட்டு அன்று காலையில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். கூட்டம் நான் உளறுவதைப் பார்த்தது. திருப்பிப் போட்டேன். மூக்கடைத்த ஆள், வாயில் தோசையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது: "தப்பூ... என்னோடத்து... டீச்ச்சர்."

தலைவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏ, விழுந்துட்டுவே! விழுந்துட்டு!"

"மூணு நாள் படிச்சு, மூணு வார்த்தை, அதுவும் அரைகுறை," என்றார் டீச்சர் கூட்டத்தைப் பார்த்து. "ஒரு முழு சாபத்தை நான் பழகாமலே திருப்பிப் பேசியிருந்தா, எனக்கு நீங்க ஒரு பட்டமே குடுத்திருக்கணும்." என் பக்கம் திரும்பி, "பத்துக்கு ஆறு. மூச்சு சரியில்ல," என்றார்.

சுடலைமுத்துதான் அன்றே விளம்பரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். டீச்சர் குரல்தான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க அண்ணாச்சி, ஒரு டீக்கு மேல பெறாது," என்றார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கொடை அன்று சாயங்காலம் முளைப்பாரி தெருவுக்கு வருகிற நேரம், வானம் இருட்டிக்கொண்டு நாலு தூறல் போட்டது. ஊர் மொத்தமும் தெரு முனையில் நின்ற டீச்சரைப் பார்த்தது. என் உயிர் என்னிடம் இல்லை. டீச்சர் நிதானமாகக் குடையை விரித்தார். உப்பளத்து அம்மா தலையில் இருந்த முளைப்பாரிக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு, "நேராத்தான் சொல்லுதேன், உள்ள வாங்க," என்றார். இருவரும் அந்தக் குடைக்குள்ளேயே கோயில் வாசல்வரை நடந்தார்கள். தூறல் நின்றுவிட்டது. பந்தலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கயிற்றுக்கடையில், மழை தன் குரலுக்குத்தான் வந்தது என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகும் நான் பெயர்களைத் திருப்பிப் போட்டுக் காட்டாமல் இல்லை. பிள்ளைகள் கேட்டால் போடுவேன், சேர்ந்து சிரிப்பேன். அர்த்தம் மட்டும் சொல்வதில்லை. அடுத்தவர் குரல் நம் கையில் இருக்கிறது, அவர் நம்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். அதை மறக்காமல் இருந்தால் போதும்.

இதை நீங்கள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். என் தப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், டீச்சரை உயர்த்தவென்று ஒரு வார்த்தை சேர்க்கவும் வேண்டாம். தூறலை மழை ஆக்கிவிடாதீர்கள். நாலு சொட்டுதான். நான் சொன்னது குடை. குடையோடு நிறுத்துங்கள்.